“குவாரண்டைன் முடிந்த மீன்” என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள்: மலையகத்தில் கடல்மீன் வளர்ப்போர் கவனத்துக்கு

கரையோரத்திலுள்ள ஒரு விற்பனையாளர், “முப்பது நாள் குவாரண்டைன் (தனியே வைத்து நோய் பார்ப்பது) முடிந்த மீன், நேரே பெரிய தொட்டியில் விடலாம்” என்று சொல்லி வழமையான விலையைப் போல இரண்டு மடங்கு வாங்கினார். ஒரு பவுடர் ப்ளூ டாங்கும் ஒரு சோடி க்ளவுனும் நுவரெலியாவுக்கு வந்தன. கூடவே லேபல் இல்லாத ஒரு நீல மருந்துப் போத்தல். “பத்து லீட்டருக்குப் பத்துச் சொட்டு” என்பது மட்டுமே அறிவுறுத்தல். நல்லவேளை, மூன்றும் தனித்தொட்டிக்குத்தான் போயின. பதினோராம் நாள் டாங்கின் உடம்பில் கோதுமை மா தூவினது போல வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். பதின்மூன்றாம் நாள் அது செத்தது. விற்றவரிடம் கேட்டால், “உங்கட ஊர்க் குளிர்தான் காரணம், இன்னும் நாலு சொட்டு விடுங்க” என்றார். பணமும் திரும்பவில்லை.

குளிர் காரணமில்லை. பையைப் பிரித்தவுடன் எடுத்த இரண்டு அளவுகளிலேயே விஷயம் தெரிந்தது: உப்படர்த்தி (நீரிலுள்ள உப்பைக் காட்டும் அளவு) 1.017, ஒட்டுண்ணிக்கு மருந்தாகப் போடும் செம்பு லீட்டருக்கு 0.4 மில்லிகிராம். கடையில் போட்டிருந்தது கீலேட் செய்த (வேறொரு சேர்மத்துடன் பிணைத்த) செம்பு என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அந்த வகைச் செம்பு 2.0 அளவில் நின்றால்தான் வெல்வெட்டையும் வெண்புள்ளி என்ற இன்னொரு ஒட்டுண்ணியையும் கொல்லும். 0.4 ஒட்டுண்ணியை அடக்கி வைக்கும், அழிக்காது. குறைந்த உப்பும் வெண்புள்ளிக்கு அப்படித்தான். மீன் கடையில் பளிச்சென்று இருக்கும். சுத்தமான நீருக்கு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் நோய் வெடிக்கும். இதைக் குவாரண்டைன் என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

அந்த நீலப் போத்தல் இன்னும் ஆபத்தானது. செம்பு மருந்தில் இரண்டு வகை உண்டு. அயனிச் செம்புக்கு (பிணைக்காத வகை) 0.15 முதல் 0.20 வரை போதும். கீலேட் செம்புக்கு ஏறத்தாழ அதன் பத்து மடங்கு வேண்டும். செம்பு அளக்கும் கருவி 0.5 காட்டினால் முதல் வகையில் மீன் சாகக்கூடும், இரண்டாம் வகையில் நோய்க்கு ஒன்றும் ஆகாது. எந்த வகை, எவ்வளவு செறிவு என்று எழுதாத போத்தலைத் தொடவே வேண்டாம். தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்தை மீனுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பல நீரில் சரியாகக் கரையாதவை, அளவைப் பிடிக்கவே முடியாது.

முறையான சிகிச்சை இப்படி. 40 லீட்டர் வெறுந்தொட்டி. மணல், பவளக்கல் எதுவும் கூடாது, அவை செம்பை உறிஞ்சிவிடும். ஃபில்டரில் போடும் கரியும் கூடாது. 40 லீட்டருக்கு 2.0 எட்ட மொத்தம் 80 மில்லிகிராம் செம்பு வேண்டும். அதை இரண்டு நாளில் பிரித்துக் கொடுத்து, டிஜிட்டல் செம்புக் கருவியால் தினமும் அளக்க வேண்டும். நிறம் பார்த்து ஒப்பிடும் சொட்டுக் கிட்டை இதற்கு நம்ப முடியாது. நீர் மாற்றும்போது புது நீரிலும் முதலே அதே அளவு செம்பு கலந்திருக்க வேண்டும். 10 லீட்டருக்கு 20 மில்லிகிராம். ஒரு நாள் அளவு இறங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. 14 நாள் தொடர்ந்து நின்ற பிறகு, குறைந்தது மூன்று மீற்றர் தள்ளியுள்ள சுத்தமான தொட்டிக்கு மாற்றலாம்; மாற்ற வசதியில்லையென்றால் அதே தொட்டியில் 30 நாள். வந்த சோடி க்ளவுன் இந்த முறையில்தான் தப்பியது. சுறா, திருக்கை வகைகளுக்குச் செம்பு அறவே ஆகாது. குளோரின், அமோனியா நீக்கும் மருந்துகளில் சில செம்புடன் சேர்ந்தால் நஞ்சாகும். ஆகவே அமோனியாவை நீர் மாற்றியும், மூன்று நான்கு வாரம் முன்பே ஓட விட்டு நல்ல பக்ரீரியா வளரப் பழக்கிய ஸ்பொஞ்ச் ஃபில்டராலும் சமாளிக்க வேண்டும்.

மலையகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதைக் கரையோரக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்குதான். 25 பாகையில் கடல்நீர் கீழே லீட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் தாங்கும் என்றால், இங்கே 5.4 தான். வெல்வெட் முதலில் பிடிப்பது செவுளை. ஆகவே இங்கே ஒரு ஏர் கல் (காற்றுக் குமிழி விடும் கல்) போதாது, இரண்டு வேண்டும். கரண்ட் போனால் ஓட பற்றரிப் பம்பும் வேண்டும். செவுள் மூடி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்தால் புள்ளி தெரியும்வரை காத்திருக்காதீர்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: உப்புக் குருணி போலத் தனித்தனியாக நின்றால் வெண்புள்ளி, பொன்தூள் போல மினுங்கினால் வெல்வெட்.

கீழே ஒட்சிசன் நிரப்பிக் கட்டிய பை மேலே வரும்போது கால் பங்கு அளவு ஊதிப் பெருக்கும். முட்ட நிரப்பியிருந்தால் றப்பர் வளையம் கழன்றுவிடும், ஆகவே கொஞ்சம் தளர நிரப்பிக் கட்டச் சொல்லுங்கள். ரெஜிபோம் பெட்டியும் கட்டாயம். ஆறேழு மணி நேரப் பயணத்தில் பைநீரில் கரியமில வாயு சேர்ந்து pH இறங்கும், அதனால் அமோனியா கடிக்காமல் கிடக்கும். பையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் விட்டால் pH ஏறி அதே அமோனியா நஞ்சாகிறது. வெப்பத்தை மட்டும் மூடிய பையிலேயே சமப்படுத்துங்கள். தனித்தொட்டியின் உப்பைப் பையின் அளவுக்கே முதலே கலந்து வைத்து, திறந்தவுடன் மீனை மட்டும் விடுங்கள். 1.017 என்றால் நாளுக்கு 0.002 வீதம் நாலு நாளில் 1.025 ஆக்கலாம்.

ஹீட்டர் இங்கே ஒன்று போதாது, 75 வாட் இரண்டு வையுங்கள். ஒன்று பழுதானாலும் இரவு தாண்டும். மூன்று பக்கமும் ரெஜிபோம் தகடு ஒட்டினால் சூடும் நிற்கும், ஆள் நடமாட்டம் கண்டு மீன் மிரளாமலும் இருக்கும். மீன் மறைய பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு), மேலே மூடி, முதல் மூன்று நாள் விளக்கு வேண்டாம். வலை போட்டுத் துரத்தாதீர்கள், பிளாஸ்டிக் கிண்ணத்தில் அள்ளுங்கள்.

இப்படி வாங்கிய மீனை ஏற்கெனவே பெரிய தொட்டியில் விட்டவர்கள், எல்லா மீனையும் எடுத்துச் சிகிச்சைக்கு வைத்து, அந்தத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓட விடுங்கள். மீன் இல்லையே என்று ஹீட்டரை நிறுத்தாதீர்கள். குளிர்ந்த நீரில் வெண்புள்ளியின் கூடு இன்னும் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். 26 பாகையில் வைத்திருங்கள்.