பலபொருள் சொற்களைக் கதை வழியே கற்பிக்க எந்த அகராதி? மூன்றைப் பற்றிய மதிப்புரை

குழந்தைகளுக்குப் பலபொருள் சொற்களைக் கதை எழுதவைத்துச் சொல்லித்தருபவர் ஒரே ஓர் அகராதிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை எடுக்கலாம். 1992இல் வந்தது, 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. பழைய பேரகராதியான தமிழ் லெக்சிகனிலும் இணைய அகராதியான விக்சனரியிலும் இந்த வேலைக்கு உதவும் சரக்கு உண்டு. ஆனால் அவற்றை ஆசிரியர் பார்க்கலாம், குழந்தை கையில் நேரே கொடுக்க முடியாது.

ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் கொடுப்பதால் ஓர் அகராதி இந்த வேலைக்கு ஏற்றதாகிவிடாது. அந்தப் பொருள் எந்த வினையோடு, எந்தச் சூழலில் வரும் என்று வாக்கியத்தில் காட்ட வேண்டும். தொல்காப்பியம் கிளவியாக்கம் என்னும் இயலில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் அறியலாம். ‘வேங்கை பூத்தது’ என்றால் மரம், ‘வேங்கை பாய்ந்தது’ என்றால் புலி. இங்கே வினை காட்டிக்கொடுக்கிறது. ‘ஊசியும் நூலும்’ என்றால் இனம் காட்டுகிறது. ‘நூல் கிடைக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தைத் தையல் கடையில் ஒருவர் சொன்னால் ஒரு பொருள், நூலகத்தில் சொன்னால் இன்னொரு பொருள், அது சார்பு. குழந்தைக்கு எழுதக் கற்பிப்பவர் இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் போதும். வேறு கோட்பாடு எதுவும் தேவைப்படாது.

க்ரியாவின் முதல் பலம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். இரண்டாவது பலத்தைப் பலர் கவனிப்பதில்லை. வினைச்சொல் பதிவுகளில் அதன் செயவென், செய்து வடிவங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘படி’ என்று தேடினால் ‘படிக்க, படித்து’ என வருவது ஒரு வினை, ‘படிய, படிந்து’ என வருவது இன்னொரு வினை. பாடத்தைப் படித்தாள், மேசையில் தூசி படிந்தது. ஏவல் வடிவத்தில் ஒன்றாகத் தெரியும் சொற்கள் இறந்தகாலத்தில் பிரிந்துவிடுகின்றன. துணி காய்ந்தது, மரம் காய்த்தது; ஊரை அடைந்தான், கதவை அடைத்தான். எட்டு வயதுக் குழந்தையால்கூட ‘நேற்று’ என்ற சொல்லை முன்னால் போட்டு இதைச் சோதித்துப் பார்த்துவிட முடியும்.

மூன்றாவது பலம், ஒரே வடிவமுள்ள வெவ்வேறு சொற்களுக்குத் தனித்தனிப் பதிவும், ஒரு சொல்லின் கிளைப்பொருள்களுக்கு ஒரே பதிவுக்குள் எண்களும் தரும் முறை. எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம். ஊசியின் காது, குடத்தின் வாய், மேசையின் கால் போன்றவை உடலுறுப்பிலிருந்து கிளைத்த பொருள்கள். படமாக வரைய முடியும் என்பதால் சின்னக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இவற்றில் தொடங்க வேண்டும். ‘நாலில் ஒரு பங்கு’ என்னும் கால், ‘மாலை’ என்னும் பொழுதும் பூமாலையும், ‘கல்’ என்னும் பொருளும் கற்பதும் அடுத்த கட்டம். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால், எல்லாப் பொருளுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று நினைத்துக் குழந்தை இல்லாத காரணத்தைக் கற்பனை செய்யத் தொடங்கிவிடும்.

குறைகளும் உண்டு. இது பெரியவர்களுக்கான தடித்த புத்தகம். வாக்கியங்களும் பெரியவர்களின் எழுத்து நடையில்தான் இருக்கும். அப்படியே எழுதிப்போட்டால் குழந்தை அதைப் பார்த்து எழுதுமே தவிர, தானாக எழுதாது. ஆசிரியர் நான்கைந்து சொல்லுக்குள் சுருக்கித் தர வேண்டியிருக்கும். பெயரே தற்காலத் தமிழ் என்பதால், பழைய இலக்கியப் பொருள்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. இலங்கை வழக்குகளைக் குறித்துக் காட்டியிருப்பது அங்கத்திய குடும்பங்களின் குழந்தைகளுக்கு நல்ல உதவி.

இதை வைத்துப் பாடம் நடத்தும் முறை இதுதான். ஒரு சொல்லை எடுத்து, அதில் வெவ்வேறு வினை கொள்ளும் இரண்டு பொருளை மட்டும் ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அடி’ என்றால் பாதமும் அளவும் போதும். அடிப்பகுதியும் செய்யுள் அடியும் பிறகு வரட்டும். குழந்தை முதலில் பொருளுக்கு ஒரு வாக்கியம் எழுதும், கட்டாயம் வினைமுற்றோடு. அடுத்து மாற்றுச்சொல் சோதனை: ‘நகை’ இருந்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் நின்றால் பொருள் சரி. அதன் பிறகே கதை. ஆறு முதல் எட்டு வாக்கியம், இரண்டு பொருளும் வர வேண்டும், நடுவில் குறைந்தது இரண்டு வாக்கிய இடைவெளி இருக்க வேண்டும். கடைசியில் கதையை உரக்க வாசிக்கும்போது, சொல் வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு பொருளுக்கும் வரைந்த படங்களில் உரியதைக் கேட்பவர் காட்ட வேண்டும். கேட்பவர் தடுமாறினால் திருத்த வேண்டியது வாக்கியத்தின் வினையை. விளக்கம் சேர்க்க விடாதீர்கள்.

இடைவெளி விதி சின்னதாகத் தோன்றும், ஆனால் அதை விட்டால் பாடமே வீண். ‘மாலையில் மாலை கட்டினாள்’ என்று எழுதிவிட்டுக் குழந்தை முடிந்தது என்று எழுந்துவிடும். அது சொல் விளையாட்டு. நன்றாகவே இருக்கிறது, ஆனால் கதை இல்லை. சூழலைக் கட்டும் பயிற்சி அதில் நடக்கவில்லை. மறுபக்கம், தெரிந்த ஐந்து பொருளையும் ஒரே கதைக்குள் திணிப்பதும் நடக்கும். படியில் ஏறி, படியால் அளந்து, பாடம் படித்து, தூசி படிந்து, சொன்னபடி நடந்து என்று ஒரு பட்டியல்தான் மிஞ்சும். தொடக்கத்தில் இரண்டு, பழகிய பிறகு மூன்று பொருள், அதற்குமேல் வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று வேற்றுமை உருபு. ‘ஆறு’ என்பது தனியாக நிற்கும்வரைதான் நதியும் எண்ணும் ஒன்றுபோல் இருக்கும். உருபு சேர்ந்ததும் ‘ஆற்றில்’, ‘ஆறில்’ எனப் பிரிந்துவிடும். இதைத் தவறு என்று அடித்துவிடாமல் அதையே பாடமாக்கலாம், ஏனென்றால் தமிழில் உருபும் பொருளைக் காட்டுகிறது. மற்றொன்று ஒலிமயக்கம். மலை–மழை, ஒலி–ஒளி, பல்லி–பள்ளி ஆகியவற்றைக் குழந்தைகள் பலபொருள் சொற்களாகக் கொண்டுவருவார்கள். அவை எழுத்து வேறான வேறு சொற்கள். அகராதியில் இரண்டையும் தேடி, வேறு வேறு பக்கத்தில் இருப்பதைக் காட்டிவிட்டால் வாதம் முடிந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் பிற்சேர்க்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வினைகளை ‘படி-தல்’, ‘படி-த்தல்’ என்று தலைச்சொல்லிலேயே பிரித்திருப்பது அருமை. ஆனால் வழக்கொழிந்த பொருள்களும் இன்றைய பொருள்களும் அடுத்தடுத்து நிற்கும், மேற்கோள்கள் பழைய நூல்களிலிருந்து. அதை நேரே பார்க்கும் குழந்தை, இன்று யாரும் பேசாத பொருளை எடுத்துக் கதை எழுதிவிட்டு, கேட்பவருக்கு ஏன் புரியவில்லை என்று குழம்பும். பாடம் தயாரிக்கும்போது ஆசிரியர் பார்க்க இதைவிட ஆழமான கருவி இல்லை. அதற்கு மேல் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

தமிழ் விக்சனரி யாரும் திருத்தக்கூடியது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் தரம் மாறும். சில பக்கங்களில் படமும் வாக்கியமும் இருக்கும். பலவற்றில் ஒருவரிப் பொருளோடு சரி. படம் தேட நல்லது. பொருளை மட்டும் வேறோர் அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்பட்டியல் தேடுபவர்களுக்கு, செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியையும் சொல்ல வேண்டும். ஒருசொல் பலபொருள் பெயர்களுக்கென்றே அமைந்த அந்தத் தொகுதி எதுகைப்படி வரிசைப்பட்டிருக்கிறது. அந்த முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: அடி, குடி, படி, பிடி, மடி என்று டகர எதுகையில் சேர்த்தால் அத்தனையும் பலபொருள் சொற்கள்! நான்கு வரிப் பாட்டு எழுதும் குழந்தைக்கு எதுகையும் பொருளும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

மூன்று பொருள்வரை தேறிய குழந்தைகளுக்கு ‘மா வீழ்ந்தது’ போன்ற வாக்கியத்தைக் கொடுங்கள். மரமா, விலங்கா என்று வினை சொல்லாது. அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் எழுதி, கேட்பவர் மரத்தின் படத்தைக் காட்டும்படி செய்ய வேண்டும். பிறகு அந்த முன்வாக்கியத்தை மட்டும் மாற்றி, விலங்கின் படத்தைக் காட்டவைக்க வேண்டும்.