ஆரி வகுப்புக்கு 'லைவ் க்ளோசப் திரை' புக் செய்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மதுரையில் ஒரு மண்டபம் பிடித்து, பெண்களுக்கு ஆரி எம்பிராய்டரி பயிற்சி நடத்தினோம். துணியை இழுத்துக் கட்டிய ஒரு ஃபிரேமைச் சுற்றி ஏழெட்டுப் பேர்தான் நின்று பார்க்க முடியும். வந்தவர்களோ ஐம்பது பேருக்கு மேல். அதனால் டீச்சரின் கையைப் பெரிய திரையில் காட்ட, கல்யாணங்களுக்குத் திரை போடும் ஒருவரிடம் பேசினோம். இரண்டு கேமரா, எச்டிஎம்ஐ கேபிள், எல்இடி திரை, கூடவே ஆள் என்று 18,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். "ஊசி முனை வரைக்கும் தெரியும் மேடம்" என்றார்.

அன்று காலையில் வந்தது ஒரு செல்போன், ஒரு ஸ்டாண்டு, மங்கலான ஒரு புரொஜெக்டர். போன் படத்தை வைஃபையில் திரைக்கு அனுப்பினார்கள். டீச்சர் "இப்போ ஊசியைத் திருப்புங்க" என்று சொல்லும்போது, திரையில் கை முந்தின தையலிலேயே இருந்தது.

ஆரி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கோளாறு என்று புரியும். வலது கை மேலே ஊசியைக் குத்தும், இடது கை துணிக்கு அடியில் நூலை ஊசி முனையில் உள்ள கொக்கியில் சுற்றிவிடும். ஊசியை லேசாகத் திருப்பி மேலே எடுத்தால்தான் துணியில் சிக்காமல் கண்ணி வரும். கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறுவதே அந்த அடிக்கையில்தான். இரண்டாவது கேமரா கேட்டதே அதற்காகத்தான், அதுதான் வரவேயில்லை.

போனை டீச்சருக்கு எதிரே வைத்ததால் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. ஜூம் செய்தால் நூல் கலங்கியது, கை அசையும்போதெல்லாம் ஃபோகஸ் போய்ப் போய் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் படமே வெளுத்துவிட்டது. நடுவில் அந்தப் போனுக்கு ஒரு அழைப்பு வேறு வந்து திரையை மறைத்தது.

உசிலம்பட்டி, மேலூரிலிருந்தெல்லாம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கடைசியில் டீச்சர் ஏழெட்டுப் பேராகக் கூப்பிட்டு ஃபிரேமைச் சுற்றி நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாவம், அவருக்குக் குரலே போய்விட்டது. செயின் தையலோடு நேரம் முடிந்தது. ஜர்தோசி என்கிற ஜரிகை வேலையைத் தொடவே முடியவில்லை.

"படம் தெரிஞ்சுச்சுல்ல" என்று திரை போட்டவர் மீதிப் பணத்தையும் கேட்டார். கொடுக்கவில்லை. முன்பணத்தைக் கேட்டால் இப்போது போனை எடுப்பதில்லை.

இப்படித் திரை போடச் சொல்பவர்கள், எத்தனை கேமரா, என்ன மாடல், கேபிளா வைஃபையா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கேமரா டீச்சரின் தோளுக்கு மேலிருந்து, அவர் பார்க்கிற பக்கமாகவே பார்க்க வேண்டும். ஃபோகஸைப் பூட்டிவைக்கிற வசதி இருக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடும். முக்கியமாக, முதல் நாளே மண்டபத்தில் ஒரு ஊசியைக் குத்திக் காட்டச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே நூல் தெரிந்த பிறகு பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நாங்களும் அங்கே புகார் கொடுத்திருக்கிறோம்.