சமையலறைக் குப்பை: வீட்டிலேயே உரமாக்கலாமா, மாநகராட்சி வண்டியில் கொடுக்கலாமா?

சென்னையில் மாடித்தோட்டம் போட்ட பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

செலவு
வீட்டில்: துளையிட்ட பழைய பெயின்ட் வாளி, தென்னை நார்த்தூள், கொஞ்சம் புளித்த மோர். அவ்வளவுதான்.
வண்டியில்: மக்கும் குப்பைக்குத் தனித் தொட்டி போதும்.

உழைப்பு
வீட்டில்: ஈரத்தைக் கவனிப்பதுதான் முக்கிய வேலை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியலாம். ஒழுகினால் காய்ந்த இலையைப் போட்டுக் கிளறுங்கள். நாற்றம் வந்தால் உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம். மீன், இறைச்சிக் கழிவு மட்டும் வேண்டாம், எலி வரும்.
வண்டியில்: பிரித்து வைத்தால் போதும். ஆனால் பால் பாக்கெட்டும் நாப்கினும் கலந்துவிட்டால், மக்கும் குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் நுண் உர மையத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குப்பை மேட்டுக்குத்தான் போகும்.

பலன்
வீட்டில்: இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு உரம்.
வண்டியில்: உரம் நம் கைக்கு வராது.

செடி வளர்ப்பவர்கள் தயங்காமல் வீட்டிலேயே செய்யலாம். இடமில்லாத வாடகை வீடு, அசைவச் சமையல் அதிகம் என்றால் வண்டியே சரி. பெரிய அடுக்குமாடிகள் விஷயம் வேறு: 2016 திடக்கழிவு விதிகள், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் மக்கும் கழிவை முடிந்தவரை வளாகத்திலேயே கையாளச் சொன்னது. அதை மாநகராட்சி கண்டிப்போடு கண்காணிக்க வேண்டும் என்பதே என் ஆசை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்களும் கேளுங்கள்.