ஒரு பயணத்துக்குத்தான் காசு: எந்த மாநாட்டுக்குப் போகலாம்?

ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் அறுவை சிகிச்சை, மயக்க மருத்துவம் படிக்கும் மாணவர்கள், தியேட்டரில் (அறுவை அரங்கில்) வேலை செய்யும் செவிலியர்கள், பொது சுகாதார ஆய்வு செய்கிறவர்கள் என எனக்குத் தெரிந்த பலரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது, அதை யார் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று பேசும் மாநாடுகள் பெருகிவிட்டன. லீவு ஒரு வாரம் தேறும். பணம் ஒரு பயணத்துக்குத் தேறும். எதற்குப் போவது?

மேற்கு நாடுகளில் நடக்கும் பெரிய மாநாடு, ஆப்பிரிக்க அறுவை மருத்துவர்கள் தங்கள் ஊரில் நடத்தும் மாநாடு, இந்தியாவின் கிராமப்புற அறுவை மருத்துவர் சங்கத்தின் கூட்டம், நம் மாவட்ட சுகாதாரப் பேரவை. இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோலை இப்போதே சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் ஒரு முடிவை மாற்றும் அதிகாரம் உள்ளவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாரா, அவரைக் கேள்வி கேட்க நமக்கு நேரம் கிடைக்குமா என்று பார்ப்பேன். பேச்சின் தரம், சான்றிதழின் மதிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இந்த அளவுகோல் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டும் கணக்கு, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வருகிறது. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கையைக் கடிக்காத அறுவை சிகிச்சை எட்டவில்லை. ஆண்டுக்கு 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் கூடுதலாகத் தேவை. சிகிச்சைச் செலவாலேயே ஆண்டுதோறும் 3.3 கோடிப் பேர் நொடித்துப் போகிறார்கள். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாழும் ஏழை நாடுகளில் நடப்பது மொத்த அறுவை சிகிச்சைகளில் 6 சதவீதம். சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் செய்யக்கூடிய மருத்துவமனை 2 மணி நேரத்துக்குள் எட்ட வேண்டும் என்று அந்த அறிக்கை ஓர் எல்லையும் வகுத்தது.

எண்ணூரில் கன்டெய்னர் லாரி மோதிக் கால் முறிந்தவரை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். தூரத்தைப் பொறுத்தவரை அவருக்குக் குறையில்லை, பெரிய அரசு மருத்துவமனை இதே வடசென்னையில் இருக்கிறது. மகப்பேறு மரணங்களை ஆராய்ந்தவர்கள் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில். ஜாம்பியாவின் உள்கிராமத்தில் இரண்டாவது தாமதமே உயிரைக் குடித்துவிடும். பெருநகரத்தில் கவலை மூன்றாவதைப் பற்றியது. தியேட்டர் காலியாக வேண்டும், மயக்க மருத்துவர் வர வேண்டும், ரத்தம் வேண்டும். அறுவை மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இவற்றைத் தனியாக வரவழைக்க முடியாது. இது முழுக்க நிர்வாகத்தின் வேலை. அதனால்தான் அறையில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன்.

சரி, மேற்கத்திய மாநாட்டிலிருந்து தொடங்கலாம். இதன் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துக் காட்டும் ஒரு வரலாறு இருக்கிறது. 1980-இல் மெக்சிகோ நகரில் பன்னாட்டு அறுவை மருத்துவர் கல்லூரியின் மாநாடு கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் ஹால்ஃப்டன் மாலர் அங்கே பேசினார். அறுவை சிகிச்சையை ஆரம்ப சுகாதாரத்திலிருந்து பிரித்து வைக்கக் கூடாது, அதைப் பெற முடியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவசர, அத்தியாவசிய அறுவை சிகிச்சையையும் மயக்க மருத்துவத்தையும் எல்லாருக்குமான சுகாதாரத்தின் ஒரு பகுதியாக வலுப்படுத்த வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது 2015 மே மாதம். நடுவில் 35 ஆண்டுகள் போய்விட்டன. மேடையில் உண்மை பேசப்பட்டது, கேட்டவர்கள் கையில் பணமும் பட்ஜெட்டும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. பேசப்படும் நாடுகளிலிருந்து ஆட்கள் வர முடிவதில்லை. 2022-இல் மான்ட்ரியாலில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய பலருக்கு விசா கிடைக்காமல் போனது பெரிய சர்ச்சையானது. அறுவை சிகிச்சை மாநாடுகளும் அதே தூதரக வரிசையைத் தாண்டித்தான் நடக்கின்றன. நம் முதுகலை மாணவர் ஒருவர் ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டி, பதிவுக் கட்டணம் கட்டி, ஓட்டலுக்கும் கொடுத்தால் சில மாத உதவித்தொகை கரைந்துவிடும். இவ்வளவுக்கும் கிடைப்பது ஆய்வைச் சுருக்கி எழுதிச் சுவரில் மாட்டிய ஒரு போஸ்டரும், வந்து நின்று கேட்பவர் நாலு பேரும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டணச் சலுகை, பயண உதவி இரண்டும் எழுத்தில் கிடைத்து, மேடையில் வாய்மொழியாகக் கட்டுரை படிக்கவும் இடம் கிடைத்தால் மட்டும் போகலாம் என்பேன்.

அப்படிப் போனால் நம்மிடம் சொல்லவும் விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மருந்துக்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், தரப் பரிசோதனை, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ஒதுக்கீடு என்று காட்டும் பாஸ்புக். இந்த ஏற்பாட்டைக் கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றின. தையல் நூலும் மயக்க மருந்தும் தீராமல் வருவதற்குப் பின்னால் இருக்கும் நிர்வாகம் இதுதான். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. நொடித்துப் போகும் குடும்பங்களைப் பற்றி உலக மாநாடுகளில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்காவில் நடக்கும் மாநாட்டை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1999-இல் உருவானது. அதற்குப் பெரிய வளாகம் கிடையாது. மாணவர்கள் அவரவர் மருத்துவமனையில் வேலை செய்தபடியே படித்து, பொதுத் தேர்வு எழுதி அறுவை மருத்துவர் ஆகிறார்கள். அதன் ஆண்டு மாநாடு உறுப்பு நாடுகளில் மாறி மாறி நடக்கிறது. அங்கே கேட்கக் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. மொசாம்பிக்கில் 1984 முதல் மருத்துவர் அல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களில் பெரும்பகுதியைச் செய்தது அவர்கள்தான். எத்தியோப்பியாவும் ஜாம்பியாவும் தான்சானியாவும் 2015-க்குப் பிறகு அறுவை சிகிச்சைக்கென்றே தேசியத் திட்டம் வகுத்தன. எத்தனை மயக்க மருத்துவர் தேவை, எந்த மாவட்டத்துக்கு ஆக்சிஜன் எப்படிப் போகும், செலவு எவ்வளவு என்று சுகாதார அமைச்சகமே எழுதி வைத்த திட்டங்கள் அவை. எழுதியதற்கு நிதி திரட்டுவது பெரும்பாடு. அந்தப் பாட்டை அனுபவிக்கிறவர்களிடமே நேரில் கேட்கலாம்.

செலவு மேற்கத்திய மாநாட்டைவிடக் குறைவு, ஆனால் மலிவு என்று சொல்ல மாட்டேன். விமானக் கட்டணம் கடிக்கும். போகும் நாட்டைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டால்தான் தடுப்பூசிச் சான்று அட்டை செல்லும். ராஜாஜி சாலைத் துறைமுக சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள், வடசென்னைக்காரர்களுக்கு அது பக்கம்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழிக்கு வருகிறேன். இந்தியக் கிராமப்புற அறுவை மருத்துவர் சங்கம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ரயிலில் போய்விடலாம், கட்டணம் தாங்கும், அங்கே பேசுகிறவர்கள் நேற்றுவரை தியேட்டரில் நின்றவர்கள். மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் குடலிறக்க (ஹெர்னியா) அறுவையில் உள்ளே வைத்துத் தைக்கும் விலையுயர்ந்த வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். பெரிய மையங்கள் முகம் சுளித்திருக்கக்கூடிய யோசனை. பிறகு உகாண்டாவில் ஏறத்தாழ 300 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, மலிவு வலையையும் கம்பெனி வலையையும் வைத்து ஓராண்டு கவனித்தார்கள். குடலிறக்கம் திரும்ப வருவதில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவு 2016-இல் வெளியானது. மலிவு வலை சுமார் 1 டாலர், கம்பெனி வலை 125 டாலர். இந்திய மாவட்டத்து மருத்துவர் ஒருவரின் யோசனை ஆப்பிரிக்காவில் சோதிக்கப்பட்டு உலகத்துக்கே பாடமானது. டாக்டர் ஜே. ஞானராஜ் வடகிழக்கு மாநிலங்களில் பரப்பிய, வாயு நிரப்பாமல் வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியும் (சிறு துளை வழியே செய்யும் அறுவை) இதே மரபுதான். தண்டுவட மயக்க மருந்தே போதும் என்பதால் சிறிய மருத்துவமனைக்கும் அது எட்டும்.

இந்தச் சங்கத்தை நான் மேலே வைப்பதற்குக் காரணம் வலை மட்டுமில்லை. ரத்த வங்கி இல்லாத ஊரில், உறவினரிடம் ரத்தம் எடுத்து, பரிசோதித்து, உடனே நோயாளிக்கு ஏற்ற நம் சட்டம் இடம் தருவதில்லை. ராணுவத்தின் சில மையங்களுக்கு விலக்கு உண்டு. அதே விலக்கைக் கிராம மருத்துவமனைக்கும் தாருங்கள் என்று இவர்கள் நீண்ட காலமாகக் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சையும் நல்லாட்சியும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் என்றால் இதுதான். பாதுகாப்பு முக்கியமா, கண் முன்னே ரத்தம் வடிந்து சாகும் தாய் முக்கியமா என்று இரு பக்கமும் நேர்மையாக வாதாடுவதை ஒரு மாணவர் கேட்க வேண்டும். குறை என்னவென்றால், சட்டத்தைத் திருத்தக்கூடியவர்கள் அந்த அறைக்கு வருவது அரிது. என் அளவுகோலில் இங்கே மதிப்பெண் குறைகிறது.

அந்தக் குறை நிரம்பும் இடம், நம்மவர்கள் மாநாடு என்றே எண்ணாத மாவட்ட சுகாதாரப் பேரவை. தாய்லாந்து 2007-இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டிலிருந்து தேசிய சுகாதாரப் பேரவை நடத்துகிறது. மக்கள், வல்லுநர்கள், அரசு என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து தீர்மானம் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுதவியோடு 2019-இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில் இதே எண்ணம் வந்தது. மாவட்டப் பேரவையில் எழும் கோரிக்கைகள் மாநிலப் பேரவைக்குப் போகும். செலவு பஸ் கட்டணம்.

இங்கே அறையில் ஆட்சியரும் சுகாதார அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் இருப்பார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட் ரயில்வேயுடையது, சாலை மாநகராட்சியினுடையது, 108 வண்டி மாநில அரசின் ஏற்பாடு. அந்த மூன்று தரப்பையும் ஒரே கூட்டத்தில் பதில் சொல்ல வைக்க ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தால் முடியாது. மாவட்டக் கூட்டத்தில் முயலலாம். ஆனால் வெறுங்கையோடு போனால் புதிய கட்டடம், புதிய ஸ்கேன் என்ற பேச்சிலேயே நேரம் தீர்ந்துவிடும். மயக்க மருத்துவர் பணியிடம் பற்றியோ இரவு நேரத் தியேட்டர் பற்றியோ பொதுமக்களுக்குக் கேட்கத் தெரியாது, கேட்க வேண்டியவர்கள் உள்ளே வேலை செய்கிறவர்கள். அரசு ஊழியர் எழுந்து குறை சொல்லத் தயங்குவதும் புரிகிறது. அதற்கு வழி உண்டு. பகுதி நலச்சங்கத்துக்கோ மீனவர் சங்கத்துக்கோ விவரங்களைப் புரியும்படி எழுதிக் கொடுங்கள். கேட்பது அவர்கள் உரிமை.

இணையவழி மாநாடுகள் செலவில்லாதவை, கேட்டுத் தெரிந்துகொள்ளப் போதும். நடுச்சாமம்வரை கண்விழித்துக் கேட்டாலும் ஆட்களின் அறிமுகம் கிடைக்காது. மின்னஞ்சலில் புகழ்ந்து அழைத்து, எந்தத் தலைப்பானாலும் இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு, முதலில் பணம் கட்டச் சொல்லும் மாநாடுகளைத் தொடவே வேண்டாம்.

என் முடிவு இது. அறுவை சிகிச்சை படிப்பவர் கிராமப்புற அறுவை மருத்துவர் கூட்டத்துக்குப் போகட்டும், அந்த ஆண்டே மாவட்டப் பேரவைக்கும் போகட்டும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு வெளிநாட்டுப் பதிவுக் கட்டணத்தைத் தாண்டாது. மயக்க மருத்துவம் படிப்பவருக்கும் சுகாதார நிர்வாகம் ஆராய்கிறவருக்கும் ஆப்பிரிக்க மாநாடுதான் முதல் தேர்வு. யார் மயக்க மருந்து கொடுக்கலாம் என்ற கேள்வியை அங்கே உள்ள அளவுக்கு வெளிப்படையாக வேறு எங்கும் பேசுவதில்லை. செவிலியர்களுக்குப் பேரவை. தியேட்டரில் ஏன் தாமதம் என்று அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை, அவர்களை எந்த மாநாடும் ஒழுங்காக அழைப்பதும் இல்லை. மேற்கத்திய மாநாடு, கையில் முடிந்த ஆய்வு இருப்பவருக்கு.

எதைத் தேர்ந்தாலும் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். துறைத் தலைவரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் அனுமதி வாங்கி, மூன்று மாதத் தியேட்டர் பதிவேட்டிலிருந்து நாலு நேரங்களை எடுங்கள்: நோயாளி வந்த நேரம், அறுவை தேவை என்று முடிவான நேரம், மயக்க மருந்து கொடுத்த நேரம், முதல் கீறல் விழுந்த நேரம். பெயர் வேண்டாம், வார்டு எண்ணும் வேண்டாம். எலும்பு முறிவு, சிசேரியன், வயிற்று அறுவை என்று மூன்றாகப் பிரித்து, பகல் இரவு தனித்தனியாகப் போட்டாலே எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துவிடும். மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் கடைசித் தேதி பல மாதங்கள் முன்பே வந்துவிடும் என்பதால் பதிவேட்டை இந்த மாதமே கேளுங்கள்.