விஷன்சரிலிருந்து காட்சர் பாஸ்: ஓய்வு நாளைத் தின்றுவிட்டு, காலி சிலிண்டரோடு ஏற்றிவிட்டார்கள்

காஷ்மீரில் ஏரிகளையும் பாஸ் எனப்படும் மலைக் கணவாய்களையும் தாண்டிப் பல நாள் நடக்கும் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்குக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். எங்களிடம் தலைக்குப் பதினேழாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, என் தம்பியின் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

அவர்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் விஷன்சர் ஏரிக்கரையில் ஒரு முழு ஓய்வு நாள் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். நடை தொடங்கும் சோனமார்க் 2,700 மீட்டருக்குச் சற்று மேலே, விஷன்சர் ஏறக்குறைய 3,700 மீட்டர். நடுவில் நிச்னாய் பாஸ் வேறு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, ஆயிரம் மீட்டருக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. அந்த ஒரு நாள் விழ வேண்டிய இடம் விஷன்சர்தான். மறுநாள் ஏற வேண்டிய காட்சர் பாஸ் சுமார் 4,200 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான்.

விஷன்சர் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் கைடு கூடாரத்துக்கு வந்து, "நாளன்னைக்கு மழை, அதனால் நாளைக்கே பாஸ் தாண்டுறோம்" என்றார். போன் சிக்னலே இல்லாத இடத்தில் அந்த வானிலைத் தகவல் எங்கிருந்து வந்தது? கேட்டால் பதில் இல்லை. ராத்திரி குதிரைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். எங்கள் சாமான் ஏற்றிய குதிரைகளை, நடை முடியும் நாரனாக்கில் அடுத்த குழுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சாப்பாடு, கூடாரம், குதிரை வாடகை எல்லாம் மிச்சம். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த மலையில் எங்களிடம் உண்மை பேசிய ஆள் அவர்தான்.

தம்பிக்கு அன்று ராத்திரியே தலைவலி, சோறு இறங்கவில்லை. கைடிடம் சொன்னோம். ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் கேட்டதற்கு பேட்டரி இல்லை என்றார்.

பத்துப் பேருக்கு ஒரு கைடு என்று எழுத்தில் இருந்தது. நேரில் இரண்டு குழுக்களைச் சேர்த்து இருபத்தாறு பேர், ஒரே கைடு, கூட இரண்டு பையன்கள். அத்தனை பேருக்கும் சாப்பாடு தயாராகி நாங்கள் கிளம்பியபோது மணி பத்து. அந்த ஏற்றத்துக்குக் காலை ஆறரை, ஏழுக்குள் கிளம்பிவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கும், மழை வந்தால் அந்தப் பாதை வழுக்கும்.

பாதையையும் சொல்லிவிடுகிறேன். விஷன்சரிலிருந்து ஒரு சின்ன மேடு ஏறினால் கிஷன்சர். அதன் கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் சுகமாகப் போகும். அப்புறம் மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை, விடாத செங்குத்து ஏற்றம், காலுக்கடியில் உருளும் சரளை. ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரம், நடுவில் உட்கார வாகான இடம் அபூர்வம். அதே பாதையில்தான் சுமைக்குதிரைகளும் வரும். குதிரை வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள், மலைப் பக்கம் சாய்ந்து நில்லுங்கள். எங்களுக்கு இதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. கைடு முன்னால் போய்விட்டார்.

பாதி ஏற்றத்தில் தம்பி வாந்தி எடுத்தான். எழுந்து நடந்தால் கால் பின்னியது. தலைவலியோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் உயரத்தால் வரும் மூளை வீக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்க வேண்டும், அதில் யோசிக்கவே இடமில்லை. கூப்பிட்டு அனுப்பி வந்த கைடு, "ஊப்பர் ஜாக்கே டீக் ஹோ ஜாயேகா" என்கிறார். மேலே போனால் சரியாகிவிடுமாம்! ஆக்சிஜன் கேட்டோம். பையன் முதுகிலிருந்து இறக்கிய சிலிண்டரில் மீட்டர் முள் பூஜ்ஜியத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வால்வைத் திருகினால் ஒரு சின்ன சத்தம்கூட இல்லை. மாஸ்க்கும் கிடையாது. அத்தனை உயரத்துக்கு வெறும் இரும்பைச் சுமந்து வந்திருக்கிறான் அந்தப் பையன்.

பின்னால் வந்த வேறொரு குழுவின் கைடு நின்று, தங்கள் சிலிண்டரைக் கொடுத்து, தங்கள் ஆள் ஒருவரையும் துணைக்கு அனுப்பி எங்களைக் கீழே இறக்கினார். விஷன்சர் வருவதற்குள் தம்பி தெளிந்துவிட்டான். ஆனால் இந்த ட்ரெக்கில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விஷன்சரிலிருந்து ரோட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் சுமார் 4,100 மீட்டர் நிச்னாய் பாஸை மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். சட்டென்று இறங்கிவிடும் குறுக்குவழி கிடையாது. அதனால்தான் இங்கே ஓய்வு நாளும் சிலிண்டரும் சலுகை இல்லை, உயிர்க்காப்பு. குதிரை வைத்துத் திரும்பினோம், அந்தச் செலவும் எங்கள் தலையில்.

ஊருக்கு வந்து பேசினால், "பாதியில திரும்பினது உங்க விருப்பம் சார், அடுத்த ட்ரெக்குக்கு ரெண்டாயிரம் கூப்பன் தர்றோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

கட்டுவதற்கு முன் ஓய்வு நாள் எந்த முகாமில், ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். கைடு உத்தரகாசி, டார்ஜிலிங், பஹல்காம் மாதிரி மலையேற்ற நிறுவனங்களில் பயிற்சி முடித்தவரா, சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். சிலிண்டரை சோனமார்க்கிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள், மாஸ்க்கோடு. கூச்சப்பட வேண்டாம். சொந்தமாக ஒரு ஆக்சிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஸ்ரீநகருக்கு அலைய வேண்டியதில்லை. பயணத் திட்டம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். பூஜ்ஜியத்தில் நின்ற அந்த முள்ளை நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். புகாரோடு முதலில் இணைத்தது அதைத்தான்.