ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்: ரெக்வியம் – கண்ணுக்கே தெரியாத சண்டை

மனித உடலுக்குள் வளரும் கொடூர உயிரான ஏலியனும், வேட்டையாடும் வேற்றுக்கிரகவாசியான பிரிடேட்டரும் மோதும் ஹாலிவுட் படவரிசை இது. 2004-இல் வந்த முதல் பாகத்தைப் பற்றி ரசிகர்கள் சொன்ன பெரிய குறை, ரத்தம் போதவில்லை என்பது. சிறுவர்களும் பார்க்கக்கூடிய பிஜி-13 சான்றிதழுக்காக எல்லாவற்றையும் அடக்கி வாசித்திருந்தார்கள். 2007 கிறிஸ்துமஸுக்கு வந்த இந்த இரண்டாம் பாகம் பெரியவர்களுக்கான ஆர் சான்றிதழ் வாங்கி அதைச் சரிசெய்தது. தொடக்கத்திலேயே ஒரு சிறுவனின் மார்பைக் கிழித்துக்கொண்டு ஏலியன் குட்டி வெளியே வருகிறது. ஆனால் ரசிகன் கேட்டது ரத்தம் மட்டும் இல்லையே! 1990-இல் பிரிடேட்டர் 2 படத்தின் கப்பலுக்குள் ஏலியன் மண்டையோட்டைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இரண்டும் மோதுவதைக் கண்ணாரப் பார்க்கத்தான் காத்திருந்தான்.

அந்த மோதல்தான் இதில் கண்ணுக்குத் தெரியவில்லை. கொலராடோவின் கன்னிசன் ஊரில் இரவு, மழை, படம் பாதியைத் தாண்டியதும் மின்சாரமும் போய்விடுகிறது. கறுப்பு உடம்பு, கறுப்புப் பின்னணி, நெருக்கமான ஷாட், நொடிக்கொரு வெட்டு. 1979-இன் ஏலியனும் இருட்டுப் படம்தான். அங்கே உருவத்துக்குப் பின்னால் புகையும் வெளிச்சமும் இருக்கும். அந்த நீளத் தலையின் ஈர விளிம்பு மின்னும். இங்கே ஏலியனும் பிரிடேட்டரும் கலந்த பிரிடேலியனின் உடையை அலெக் கில்லிஸும் டாம் உட்ரஃப்பும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். சடைமுடியும் விரியும் தாடையுமான அந்த உழைப்பை நிதானமாகப் பார்க்க ஒரு ஷாட் கிடைப்பதே அபூர்வம்.

இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் படங்கள் தாங்களே வகுத்த விதிகளை மீறுவதைப் பொறுக்க முடியவில்லை. தனியாக வரும் பிரிடேட்டரின் வேலை தடயம் அழிப்பது. பிணங்கள்மீது நீலத் திரவத்தை ஊற்றிக் கரைக்கிறது. அருமையான யோசனை. அதே பிரிடேட்டர் காட்டில் ஒரு போலீஸ்காரரைக் கொன்று, தோலை உரித்து, ஊர்க்காரர்கள் பார்க்கும்படி தொங்கவிடுகிறது! பழைய பிரிடேட்டர் படத்தின் காட்சி ஒன்றை நினைவூட்ட வேண்டும் என்பதற்காகக் கதாபாத்திரத்தின் ஒரே நோக்கத்தையே கைவிட்டுவிட்டார்கள். ஏலியன் பக்கமும் இதே கதி. முட்டை, முகத்தைக் கவ்வும் உயிர், மார்பைப் பிளக்கும் குட்டி என்ற வரிசையில்தான் பயமே இருக்கிறது. பிரிடேலியன் அதைத் தாண்டி, மகப்பேறு வார்டில் கர்ப்பிணியின் வாய் வழியாக நேராகக் கருவை இறக்குகிறது. ஏன் இப்படி என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அருவருப்பு மட்டும் மிஞ்சுகிறது.

மனிதர்கள்? பீட்சா கொண்டுபோகும் பையன், அவன் அண்ணன், ஷெரிஃப், ராணுவத்திலிருந்து திரும்பிய தாய். யார் செத்தாலும் மனம் பதறவில்லை.

பார்ப்பதானால் 101 நிமிட அன்ரேட்டட் (சான்றிதழுக்காக வெட்டப்படாத நீண்ட வடிவம்) ப்ளூ-ரேயைத் தேடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவின் அளவு) குறைந்தால் நிழல்கள் கட்டம் கட்டமாக உடையும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பிளேயரும் டிவியும் ஒரே ஆர்ஜிபி ரேஞ்சில் (கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவு) இருக்க வேண்டும். பிளேயர் 'ஃபுல்', டிவி 'லிமிடெட்' என்றிருந்தால் இருக்கிற கொஞ்ச விவரமும் கறுப்பில் மூழ்கும். பிரைட்னஸை ஏற்றிப் பயனில்லை, கறுப்பு சாம்பலாகும், அவ்வளவுதான். பிரிடேட்டர் தன் கிரகத்தில் கிளம்பும் காட்சியையும், சாக்கடைக்குள் அது தனியாக வேட்டையாடும் பகுதியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.