ஆர் மொழியின் 'இனெக்' பேக்கேஜ்: வளைவு அருமை, பூஜ்யம் இருந்தால் உஷார்

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியில் வருமான ஏற்றத்தாழ்வைக் கணக்கிட உட்காருபவர்கள் பலரும் முதலில் இறக்குவது 'இனெக்' பேக்கேஜைத்தான். இலவசம், சின்னது, ஜினி, தைல், அட்கின்சன் என்ற ஏற்றத்தாழ்வு அளவுகள் (0 என்றால் முழுச் சமத்துவம்) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கைப்பழக்கத்துக்கு பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதிக் குடும்பங்களின் வருமான டேட்டாவும் கூடவே வருகிறது, அதில் நகரம், கிராமம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லாரன்ஸ் வளைவுதான். ஏழைகளிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போனால், எத்தனை சதவீதம் பேரிடம் மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும் கோடு அது. ஐந்து பேரின் வருமானம் 10, 20, 30, 40, 100 ஆயிரம் என்று கொடுங்கள், ஜினி 0.40 வரும். வேறு ஐந்து பேருக்கு 0, 0, 50, 50, 50 என்று கொடுங்கள், அதற்கும் அதே 0.40! முதல் குழுவில் பாதிப் பணம் ஒரே ஆளிடம், இரண்டாவதில் இரண்டு பேருக்குச் சல்லிக்காசு இல்லை, ஆனால் ஜினிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு வளைவையும் ஒரே படத்தில் போட்டால் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது பளிச்சென்று தெரியும். வெறும் ஜினியை மட்டும் போட்டு அறிக்கை எழுதுபவர்கள் தயவுசெய்து இந்தப் படத்தையும் சேருங்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன், சின்னக் குறை இல்லை. அதே இரண்டாவது குழுவைத் தைலுக்குக் கொடுத்தால் விடை 0, அதாவது முழுச் சமத்துவம்! பூஜ்யங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சமுள்ள மூன்று பேரை மட்டும் கணக்கில் எடுக்கிறது. வரவேண்டியது 0.51. வருமானமே இல்லாதவர்கள் இருக்கும் டேட்டாவில் இப்படி நடந்தால், யாருக்காக அளக்க வந்தோமோ அவர்களே கணக்கில் இல்லாமல் போய்விடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை வரியாவது காட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், ஜினியில் சிறு மாதிரித் திருத்தம் (ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஜினி குறைவாகக் காட்டுவதைச் சரிசெய்வது) தானாக நடக்காது, நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் மேலே சொன்ன 0.40 அப்படியே 0.50 ஆகிவிடும், அதனால் எதைப் போட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

தேசிய மாதிரி ஆய்வு போல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெருக்கெண் (அது எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்) இருக்கும் டேட்டாவுக்கு இனெக் சரிப்படாது. லாரன்ஸ் வளைவு அலைவெண்ணை (ஒவ்வொரு வருமானமும் எத்தனை முறை வருகிறது என்பதை) வாங்கிக்கொள்ளும், ஜினி வாங்காது. அங்கே 'கன்வே' பேக்கேஜுக்குப் போய்விடுங்கள், மாதிரி எடுத்த முறையையும் கணக்கில் கொண்டு நியமப் பிழையோடு (விடை எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற அளவோடு) விடை தரும்.